பழநிக்கு நடக்கிறவர்கள் காலைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி? (அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது)

கண்டனூர்க்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடந்தேன். முதல் தடவை, வெறுங்கால். இரண்டாம் நாள் சாயங்காலம் சிங்கம்புணரி தாண்டும்போதே வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே இருக்கிற மேட்டில், சுள்ளென்று சுட ஆரம்பித்தது. கூட வந்தவர்கள் "அது அப்படித்தான் இருக்கும், நடக்க நடக்க மரத்துப் போகும்" என்றார்கள். நானும் நடந்தேன். நத்தம் போய்ச் சேரும்போது பத்து ரூபாய்க் காசு அகலத்துக்குக் கொப்புளம்.

வழியில் உதவிக்கு நின்ற ஒருவர் நல்ல மனதோடுதான் செய்தார். பிளேடால் அந்தத் தோலை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு மஞ்சள் தூளை அப்பிக் கட்டினார். மறுநாள் காலை காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. சாயங்காலத்துக்குள் தொடை இடுக்கில் நெறி கட்டிக் காய்ச்சலும் வந்துவிட்டது. திண்டுக்கல்லில் பஸ் ஏறித்தான் பழநி போனேன். புண் ஆற ஐந்து வாரம் ஆனது.

இந்த வருடம் முழுதாக நடந்தே தீர வேண்டும். அதோடு இன்னொரு விஷயம். அம்மாவும் வருவேன் என்கிறார். வயது 61. சர்க்கரை வந்து 12 வருடம் ஆகிறது, மாத்திரை மட்டும். "வேண்டிக்கொண்டது நான், வெறுங்காலோடுதான் நடப்பேன்" என்று உறுதியாக இருக்கிறார். இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வேல்நடை எழுதியது:

சாமி, உங்கள் கால் கெட்டது நத்தத்தில் இல்லை, சிங்கம்புணரியில். சுள்ளென்று சுட்ட அந்த நேரத்தில் உட்கார்ந்து காலைப் பார்த்திருந்தால் கொப்புளமே வந்திருக்காது.

26 வருடமாகக் குழு கூட்டிப் போகிறேன். எங்கள் குழுவில் ஒரே ஒரு கட்டாயம்தான். யாருக்குக் கால் சுட்டாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொன்னால் அத்தனை பேரும் பத்து நிமிடம் நிற்போம். மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று நினைத்துச் சொல்லாமல் வருகிறவர்தான் மறுநாள் வண்டி ஏறுகிறார். அப்படி ஏறி, ஜன்னல் ஓரம் கண்ணீர் விட்டபடி போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஏழு வாரம் நல்ல அவகாசம். முதல் வாரம் காலையில் மண் தரையில் 2 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடங்கள், அதற்கு மேல் வேண்டாம். இரண்டாம் வாரத்திலிருந்து தார் ரோட்டுக்கு வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஐந்தாம் வாரத்தில் ஒரு சனிக்கிழமை 15 கிலோமீட்டர், மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் 15. இந்த இரண்டாம் நாள்தான் முக்கியம். ஒருநாள் நடப்பதை எந்தக் காலும் தாங்கும், நேற்று நடந்த கால் இன்று என்ன சொல்கிறது என்பதுதான் பாதயாத்திரை. கடைசி வாரம் நடையைக் குறைத்து ஓய்வு கொடுங்கள். உள்ளங்கால் தோல் தடிக்க வாரக்கணக்கில் ஆகும். மாலை போட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நடக்கக் கிளம்புகிறவர்களுக்குத்தான் அதிகம் அடிபடுகிறது.

தை மாதம் பனிதானே என்று நினைக்காதீர்கள். பதினோரு மணிக்கு மேல் நத்தம் – திண்டுக்கல் ரோட்டில் தார் கொதிக்கும். நாங்கள் அதிகாலை இரண்டரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் ஒதுங்கிவிடுவோம், பிறகு நான்கு மணிக்கு மேல்தான். இடையில் வெயிலில் மாட்டிக்கொண்டால் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேல் நடங்கள். கறுப்புத் தாரைவிட அதில் சூடு குறைவு. ஆனால் இருட்டில் அந்தக் கோட்டை நம்பாதீர்கள், வண்டி உரசிக்கொண்டு போகிற இடம் அது. முதுகில் ஒளிரும் பட்டை, கையில் டார்ச் இல்லாமல் எங்கள் குழுவில் யாரையும் இரவில் நடக்க விடுவதில்லை. டார்ச் கண்ணாடிச் சில்லுக்கும் கருவேல முள்ளுக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம் ஒன்று. தண்ணீர்ப் பந்தலில் அன்பாகக் காலில் தண்ணீர் ஊற்றுவார்கள். கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஊறின தோல் சீக்கிரம் பிய்யும். நாளின் கடைசி இடத்தில் கழுவி, விரல் இடுக்குவரை துடைத்து, காற்றாடக் காலைத் தூக்கி வைத்துப் படுங்கள். இடுப்பில் ஒரு சின்னத் துண்டு எப்போதும் காலுக்கென்றே இருக்கட்டும்.

அம்மா விஷயம் நான் சொல்லக் கூடாது. இங்கே மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

முகாம் செவிலி எழுதியது:

நான் செவிலியர். ஒன்பது வருடமாகத் தைப்பூசத்துக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் முகாமில் உட்காருகிறேன். ஒரு இரவில் எத்தனை பாதங்களைக் கையில் எடுப்போம் என்று எண்ணியதே இல்லை. பிளேடால் தோலை எடுத்தார்கள் என்று படித்ததும் மனது கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அங்கே வருகிற மோசமான கால்களில் பாதி அப்படித்தான் வருகின்றன.

கொப்புளம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். தோல் மேலே தேய்ந்து வருவது அல்ல அது. அடி வைக்கும்போது உள்ளே எலும்பு முன்னால் நகர்கிறது. மேல்தோல் தரையோடோ செருப்போடோ ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிய தோல் அடுக்கு ஆயிரக்கணக்கான தடவை இழுபட்டுக் கடைசியில் உள்ளுக்குள்ளேயே கிழிகிறது. அந்தக் கிழிசலில்தான் நீர் ஊறுகிறது. ஈரமான தோல் இன்னும் அதிகமாக ஒட்டும், அதனால்தான் வேல்நடை சாமி தண்ணீர் வேண்டாம் என்கிறார்.

மேலே இருக்கிற அந்த மெல்லிய தோல், கீழே உள்ள பச்சைச் சதைக்கு உடம்பே போட்ட கட்டு. எந்தக் கட்டுத்துணியும் அதற்கு ஈடாகாது. அதை வெட்டி எடுத்தால் வலி பல மடங்கு, கிருமிக்கும் கதவைத் திறந்த மாதிரி.

சின்னதாக, வலிக்காமல் இருந்தால் உடைக்காதீர்கள். மேலே பிளாஸ்திரி போதும். பெரிதாக உப்பி, காலை ஊன்றவே விடவில்லை என்றால் மட்டும் நீரை எடுக்கலாம். கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவி, பெட்டாடின் தடவிக் காயவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் பிரிக்காத ஊசி சில ரூபாய்க்குக் கிடைக்கும், அதை முன்பே வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டை ஊக்கை விளக்கில் காட்டிக் குத்துவது வேண்டாம், கரியும் சேர்ந்து உள்ளே போகும். கொப்புளத்தின் நடுவில் குத்தாமல் ஓரத்தில், தாழ்ந்த பக்கமாக, இரண்டு மூன்று இடத்தில் குத்தி, சுத்தமான துணியால் மெதுவாக அழுத்தினால் நீர் வடியும். தோல் கீழே படிந்துகொள்ளும். மேலே மருந்து, ஒட்டாத காஜ், பிளாஸ்திரி. மறுநாள் திரும்பவும் நீர் கோத்தால் பயப்பட வேண்டாம், அதே முறையில் எடுக்கலாம். மேலே பாரம் படாமல் இருக்க, தடித்த ஸ்பாஞ்சில் கொப்புளம் அளவுக்கு ஓட்டை போட்டு, அந்த ஓட்டைக்குள் கொப்புளம் வருமாறு ஒட்டுவோம். வடை மாதிரி இருக்கும். நடக்கும்போது பாரம் சுற்றிலும் இறங்கும்.

ரத்தம் கோத்த கொப்புளத்தை நீங்களாகத் தொடாதீர்கள். சிவப்பு பரவுகிறது, சூடாக இருக்கிறது, சீழ் தெரிகிறது, காலில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடுகிறது, நெறி கட்டுகிறது, இதில் ஒன்று இருந்தாலும் நடையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போய்விடுங்கள். கிளம்பும் முன் டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) எப்போது போட்டோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலூர் விவசாயி எழுதியது:

எங்கள் பக்கம் ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு, நூலை அப்படியே விட்டுவிடுவோம். நீர் நூல் வழியாக வடிந்துகொண்டே இருக்கும், திரும்பக் கோக்காது. எங்கள் தாத்தா காலத்திலிருந்து செய்கிறோம். அதில் என்ன தப்பு?

முகாம் செவிலி எழுதியது:

நீர் வடிவது உண்மைதான் அண்ணா, அதனால்தான் இத்தனை காலம் அந்தப் பழக்கம் நிற்கிறது. ஆனால் நீர் வெளியே வருகிற அதே நூல் வழியாக ரோட்டுப் புழுதி உள்ளே போகிறது. வீட்டில் திண்ணையில் காலை நீட்டிப் படுத்திருப்பவருக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். நாளைக்கு 30 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடக்கப் போகிறவருக்கு வேண்டாம். ஓரத்தில் இரண்டு மூன்று துளை போட்டாலே உங்கள் நூல் செய்கிற வேலை நடந்துவிடும்.

மேலூர் விவசாயி எழுதியது:

சரிதான் அம்மா. புழுதி உள்ளே போவதை யோசித்ததில்லை. விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு நடப்பது பற்றியும் சொல்லுங்கள். எங்கள் ஊரில் எல்லோரும் தடவுவார்கள்.

முகாம் செவிலி எழுதியது:

இரவு படுக்கும்போது தடவுங்கள், மிக நல்லது. பித்தவெடிப்பு உள்ளவர்கள் இன்றிலிருந்தே தினமும் தடவ வேண்டும். வெடிப்போடு ரோட்டில் இறங்கினால் இரண்டாம் நாள் அதிலிருந்து ரத்தம் வரும். ஆனால் நடக்கும்போது வேண்டாம். எண்ணெயும் வாசலினும் முதல் ஒரு மணி நேரம் வழுக்கிக் கொடுக்கும், அதற்குப் பிறகு தோல் ஊறி, முன்பைவிட அதிகமாக ஒட்ட ஆரம்பிக்கும். வெறுங்கால் என்றால் மண்ணும் சல்லிப் பொடியும் அப்பிக்கொள்ளும். தொடை உரசுகிறவர்கள் தொடைக்குத் தடவிக்கொள்ளலாம், ஒவ்வொரு தங்கலிலும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும்.

ஓய்வுபெற்ற ஹவில்தார் எழுதியது:

17 வருடம் ராணுவத்தில் இருந்தேன். மார்ச் முடிந்ததும் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் பூட்ஸைக் கழற்றிக் காலைக் காட்ட வேண்டும். துப்பாக்கியைப் பரிசோதிப்பது போலவே காலையும் பரிசோதிப்பார்கள்.

ஷூ போட்டு நடக்கிறவர்களுக்கு என் அனுபவம். ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். மூன்றாம் நாள் உங்கள் கால் வீட்டிலிருந்து கிளம்பிய கால் அளவில் இருக்காது. புது ஷூவோடு கிளம்பவே கூடாது. சுத்தமான பருத்திச் சாக்ஸ் வியர்வையைக் குடித்து அப்படியே வைத்துக்கொள்ளும், நைலான் கலந்தது மேல். மூன்று ஜோடி எடுத்துப் போங்கள். ஒன்று காலில், ஒன்று பையின் மேல் கட்டிக் காய்ந்துகொண்டு, ஒன்று பத்திரமாக. ரப்பர் செருப்பு லேசானதுதான், ஆனால் வார் விரல் இடுக்கை அறுத்துவிடும். பின்பக்கம் பட்டை உள்ள சாண்டல்தான் நடைக்கு ஆகும்.

எந்த இடம் வழக்கமாகச் சுடுமோ அந்த இடத்தில் கிளம்பும்போதே பேப்பர் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் காஜுக்கு மேல் ஒட்டுகிற வெள்ளை டேப்தான், விலை குறைவு. பாலைவனங்களில் ஆறு கட்டமாக 250 கிலோமீட்டர் ஓடுகிற பந்தயங்களில் 128 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வந்தது. டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்தது. சுருக்கம் இல்லாமல் ஒட்ட வேண்டும், சுருக்கமே கொப்புளம் போடும். வெறுங்காலுக்கு இது ஆகாது, தார் உரித்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பாதத்தின் மேல்பக்கம் ஒரே இடத்தில், விரல் நுனியால் அழுத்தினால் உயிர் போகிற மாதிரி வலித்து, உட்கார்ந்தால் குறைந்து, நடந்தால் கூடினால் அது தசைப்பிடிப்பு இல்லை. எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். 1855இலேயே பிரஷ்யப் படை மருத்துவர் ப்ரைட்ஹாப்ட் சிப்பாய்களிடம் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். மார்ச் ஃபிராக்சர் என்றே பெயர். இதோடு நடக்கக் கூடாது, தைலம் தேய்த்து அமுக்கவும் கூடாது. வலி மாத்திரை போட்டு மறைக்கிற பழக்கமும் ஆபத்து. தண்ணீர் குறைவாகக் குடித்து வெயிலில் நடக்கிற உடம்பில் டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வடமராட்சி எழுதியது:

நான் யாழ்ப்பாணம். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு இரண்டு முறை நடந்திருக்கிறேன். உங்களுக்குத் தார் என்றால் எங்களுக்கு மணலும் முள்ளும். உகந்தைக்குப் பிறகு குமண, யால காட்டுக்குள் ஐந்தாறு நாள் நடக்க வேண்டும். கடையும் இல்லை, முகாமும் இல்லை. குமுக்கன் ஆறு கடக்கிறபோது கால் நனையத்தான் செய்யும். முதல் முறை நான் சப்பாத்தோடு (ஷூவைத்தான் அப்படிச் சொல்வோம்) இறங்கி, ஈரச் சப்பாத்தோடே நடந்தேன். அடுத்த நாள் பாதம் முழுக்க வெள்ளையாக ஊறிப்போய், விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. இரண்டாம் முறை சப்பாத்தைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு கடந்து, அக்கரையில் அரை மணித்தியாலம் காலைக் காய வைத்துவிட்டுத்தான் நடந்தேன். குழுவில் மற்றவர்கள் அவசரப்பட்டார்கள், நான் அசையவில்லை. கதிர்காமம் போய்ச் சேரும் வரைக்கும் ஒரு கொப்புளம் கூட வரவில்லை.

இடுக்கி ஒன்று கட்டாயம் கொண்டு போங்கள். முள்ளை நகத்தால் நெருடினால் முறிந்து உள்ளே நின்றுவிடும்.

சர்க்கரை டாக்டர் எழுதியது:

கண்டனூர்க்காரரே, உங்கள் அம்மாவைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெறுங்காலோடு நடக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

இங்கே எல்லோரும் சொன்ன நல்ல ஆலோசனை எல்லாம் ஒரே ஒரு விஷயத்தை நம்பி நிற்கிறது, 'சுட்டால் உடனே நில்' என்பதை. 12 வருடச் சர்க்கரையில் அந்தச் சூடு தெரியாமலே போயிருக்கலாம். உள்ளங்கால் முழுக்கத் தோல் வெந்து வருகிறார்கள், வலிக்கவே இல்லை என்கிறார்கள். மத்தியானம் கோயில் பிராகாரக் கல்லில் ஒரு சுற்றுச் சுற்றியே அப்படி ஆனவர்கள் உண்டு. சாயங்காலம் வீட்டுத் தரையில் ரத்தத் தடம் பார்த்துத்தான் கால் கிழிந்ததே தெரியவந்தது என்பவர்களும் உண்டு. காய்ப்பு ஏறின தோல் பாதுகாப்பு என்று நினைப்போம். உணர்ச்சி குறைந்த காலில் அந்தக் காய்ப்புக்கு அடியில்தான் புண் வைக்கும், வெளியே தெரியாது.

இந்த வாரமே அழைத்துப் போய்க் கால் பரிசோதனை செய்யுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலான் இழையைப் பாதத்தில் சில இடங்களில் வைத்துத் தெரிகிறதா என்று கேட்பார்கள். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை விரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பாதத்தில் நாடி பார்ப்பார்கள். வலியே இல்லாத பரிசோதனை, சில நிமிடம்தான் ஆகும்.

எல்லாம் சரியாக இருந்தால் நல்ல ஷூவோடு கொஞ்ச தூரம் நடக்கலாம். ஒவ்வொரு தங்கலிலும் நீங்கள் அவர் பாதத்தைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஷூவைப் போடும் முன் உள்ளே கைவிட்டுக் கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடக்கிற நாளில் மாத்திரை அளவு பற்றி அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள். அன்னதானம் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது, நடையோ அதிகம், சர்க்கரை இறங்கிவிடும். குளுக்கோஸ் பொட்டலம் அம்மாவின் மடியில் இருக்கட்டும், உங்கள் பையில் இல்லை. கொப்புளம் வந்தால் வழியில் யாரையும் குத்த விடாதீர்கள். அன்றே மருத்துவமனை.

அடியார் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் நேர்த்திக்கடன் என்று ஒன்று இருக்கிறது. கஷ்டப்படாமல் போவதற்குப் பஸ் இருக்கிறதே. என் அம்மா 68 வயதில் செருப்பில்லாமல் நடந்தார், ஒன்றும் ஆகவில்லை. முருகன் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கை இல்லாமல் எதற்கு மாலை போட வேண்டும்?

வேல்நடை எழுதியது:

சாமி, உங்கள் அம்மா நடந்ததற்கு என் வணக்கம். ஆனால் நான் கூட்டிப் போன ஒருவர் இப்போது இடது காலில் இரண்டு விரல் இல்லாமல் இருக்கிறார். சர்க்கரை இருப்பதை என்னிடம் சொல்லவில்லை. வெறுங்கால் விரதம் கெட்டுவிடும் என்று மறைத்துவிட்டார். பதினோரு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து பெயர் எழுதும்போதே கேட்கிறேன், சர்க்கரை உண்டா என்று. உண்டு என்றால் கால் பரிசோதித்த சீட்டு இல்லாமல் சேர்ப்பதில்லை.

நடக்கிற கஷ்டம் தானாக வரும். தூக்கம் இல்லை, பனி, கெண்டைக்கால் இழுக்கும், ஒரு நாள் முழுக்க நடந்தும் திண்டுக்கல் வராது. அந்தக் கஷ்டம் போதும் அவனுக்கு. தோல் செருப்பு ஆகாது என்று நினைக்கிறவர்கள் கேன்வாஸ் ஷூ, ரப்பர் சாண்டல் போடுகிறார்கள். அடிவாரத்தில் கழற்றிவிட்டு மலை ஏறுகிறார்கள். எங்கள் குழுவில் யாரும் அதைக் குறையாகப் பேசியதில்லை.

அடியார் எழுதியது:

அந்த விரல் விஷயம் தெரியாமல் எழுதிவிட்டேன். மன்னியுங்கள். எங்கள் குழுவிலும் இனிமேல் கேட்கச் சொல்கிறேன்.

கண்டனூர்க்காரன் எழுதியது:

அம்மாவைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். இரண்டு காலிலும் பெருவிரலிலும் அதற்குக் கீழேயும் இழை வைத்தது அவருக்குத் தெரியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு "இன்னும் வைக்கவில்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் மருத்துவர் மூன்று இடத்தில் வைத்து முடித்துவிட்டார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அம்மாவே "செருப்பு வாங்கப் போகலாம்" என்றார்.

கண்டனூர்க்காரன் எழுதியது:

தைப்பூசம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். நான் முழுதாக நடந்துவிட்டேன். ஏழு வாரம் வேல்நடை சாமி சொன்ன கணக்குப்படி பழகினேன். இரண்டு முறை கால் சுட்டது. ஒன்று திருப்பத்தூர் தாண்டி, ஒன்று திண்டுக்கல்லுக்கு முன்னால். இரண்டு முறையும் உட்கார்ந்தேன். முதல் முறை ஒரு சல்லிப் பொடி தோலில் பதிந்திருந்தது, எடுத்ததும் சரியானது. இரண்டாவது முறை அந்த இடத்தில் பிளாஸ்திரி போட்டு, மேலே சாக்ஸ் மாட்டி இரண்டு மணி நேரம் நடந்தேன். சின்னதாக ஒன்று மட்டும் குதிகாலில் வந்தது, உடைக்கவில்லை, அதுவே வற்றிவிட்டது.

அம்மா கூட வந்த வேனில்தான் வந்தார். ஒவ்வொரு தங்கலிலும் எல்லோருக்கும் கால் துடைக்கத் துண்டு எடுத்துக் கொடுத்தது அவர்தான். அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பழநிக்கு முன்னால் இருக்கிற சத்திரப்பட்டியிலிருந்து மட்டும், வீட்டில் ஒரு மாதம் போட்டுப் பழகிய ஷூவோடு, காலையில் கொஞ்சம் சாயங்காலம் கொஞ்சமாக நடந்தார். அரை மணிக்கு ஒரு முறை நான் பாதத்தைப் பார்த்தேன். மலைக்கு மேலே ஷூ போட முடியாதே, அதனால் விடியும் முன், தரை குளிர்ந்திருக்கும்போது, தடித்த சாக்ஸோடு விஞ்சில் (மலை ஏற்றும் இழுவை ரயில்) ஏற்றிக் கூட்டிப் போனேன். இறங்கியதும் பாதத்தைத் துடைத்துப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை.

இப்போது எனக்கு ஒரு கேள்வி. நடை முடிந்து ஐந்து நாள் ஆகிறது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலின் அடியில் குத்துகிறது. பத்து அடி நடந்தால் குறைந்துவிடுகிறது. சுடுதண்ணீரில் உப்புப் போட்டு வைக்கலாமா?

முகாம் செவிலி எழுதியது:

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அந்த வேனில் துண்டு எடுத்துக் கொடுத்தவர் எத்தனை கொப்புளத்தைத் தடுத்திருப்பார் என்று எனக்குத்தான் தெரியும்.

உங்களுக்கு உள்ளங்கால் சவ்வு இழுபட்டிருக்கிறது என்று தோன்றுகிறது. தோல் எங்கும் உடையவில்லை என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைக்கலாம், இதமாக இருக்கும். அம்மா வைக்கக் கூடாது, சூடு அவருக்குத் தெரியாது. ஆனால் வலியைக் குறைப்பது வேறு. படுக்கையைவிட்டு இறங்கும் முன்பே கால் விரல்களைக் கையால் உங்கள் பக்கம் இழுத்து அரை நிமிடம் பிடித்து விடுங்கள், பத்து முறை. அப்புறம் சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுங்கள். ஃபிரீசரில் வைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி உள்ளங்காலுக்கு அடியில் போட்டு ஐந்து நிமிடம் உருட்டுங்கள். இரண்டு மூன்று வாரம் வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். நீண்ட நடை இப்போதைக்கு வேண்டாம். ஆறு வாரத்தில் குறையவில்லை என்றாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கண்டனூர்க்காரன் எழுதியது:

நன்றி அக்கா. பாட்டிலை ஃபிரீசரில் வைத்துவிட்டேன். அம்மா தினமும் படுக்கும் முன் கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். பார்த்து முடித்ததும் என் காலையும் காட்டச் சொல்கிறார்.